‘எல்லாரும் வரலாம்’ என்று போட்டிருந்த இடத்தில் எனக்கு ஏன் உட்காரவே தோன்றவில்லை?

கேள்வி: ஜூன் 4

“தலைவர் கிடையாது, மேடை கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். போனேன். இரண்டு மணி நேரம் இருந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, போகச் சொல்லவில்லை. ஆனால் யாரும் என் பேரைக்கூடக் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூட எனக்கு இப்படி இருந்ததில்லை. மாற்று வெளி என்று சொல்லிக்கொள்கிற இடங்களில்தான் புது ஆளை அதிகமாக ஒதுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். கோளாறு என்னிடமா, அவர்களிடமா?”

ஜூன் 4, இரவு

உங்களிடம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

பதினோரு வருடமாக இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்வருகிறேன். வாசிப்பு வட்டங்கள், ஒரு கூட்டுப் பட்டறை, ஒருமுறை கூட்டு வாழ்க்கை நடத்துகிற ஒரு பண்ணையில் மூன்று வாரம். இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டேன். நாலைந்து இடங்களிலிருந்து சத்தமில்லாமல் நழுவிவிட்டேன். நழுவிய ஒவ்வொரு தடவையும் ‘எனக்குத்தான் பழகத் தெரியவில்லை’ என்ற நினைப்போடுதான் வீடு திரும்பினேன். அது உண்மையில்லை என்று புரிய ரொம்ப நாள் ஆனது. உங்களுக்கும் அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பற்றிச் சொன்னீர்களே, அது நல்ல ஒப்பீடு. அங்கே உங்களைக் கூட்டிப்போய் இருக்கையைக் காட்டுவது ஒருவருடைய வேலை. அதைச் செய்யாவிட்டால் அவரைக் கேள்வி கேட்பார்கள். தலைவர் இல்லாத வட்டத்தில் அது யாருடைய வேலையும் இல்லை. இருபது நல்ல மனிதர்கள் இருக்கிற அறையில் ஒருவர்கூட எழுந்து வராமல் போவது இப்படித்தான் நடக்கிறது. இன்னொருவர் பேசியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜூன் 5

நேற்று எழுதியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970இல் அமெரிக்கப் பெண் விடுதலைக் குழுக்களுக்குள்ளே இருந்த ஜோ ஃப்ரீமன் ஒரு கூட்டத்தில் இதையேதான் பேசினார். அது பிறகு ‘கட்டமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ என்று பொருள்படும் தலைப்பில் கட்டுரையாக வந்து, ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

அவர் சொன்னதன் சாரம்: கட்டமைப்பே இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. விதிகளை எழுதி வைக்காவிட்டால் விதிகள் மறைந்துபோவதில்லை, தெரிந்தவர்கள் சிலர் கையில் போய்விடுகின்றன. முன்பே நண்பர்களாக இருக்கும் நாலு பேர் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வருகிறார்கள். கூட்டத்தில் நடப்பது அந்தப் பேச்சின் மிச்சம். புதிதாக வந்தவருக்கு எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரியும், என்ன என்று தெரியாது.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் போன முதல் வட்டத்தில் அடுத்த மாதம் என்ன படிக்கலாம் என்று கேட்டார்கள். நான் ஒன்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவர் குறித்துக்கூடக் கொண்டார். ஆனால் அடுத்த மாதத்துக்கான புத்தகம் அதற்கு முந்தைய வாரமே ஒருவர் வீட்டில் முடிவாகியிருந்தது. யாரும் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. உண்மையிலேயே எல்லாரிடமும் கேட்டதாகத்தான் அவர்கள் நம்பினார்கள்.

ஜூன் 7

என் விஷயத்தைச் சொல்லாமல் இதை மேலே எழுத முடியாது.

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து போனது, போகும்போது அந்தக் காதையும் கொண்டுபோய்விட்டது. ஒரு காதுதானே, இன்னொன்று இருக்கிறதே என்பார்கள். இரண்டு காது இருந்தால்தான் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளைக்குத் தெரியும். ஒற்றைக் காதுக்கு எல்லாம் ஒரே குவியலாக வரும். இடது பக்கமிருந்து வரும் பேச்சைத் தலையே மறித்துவிடும். அதிலும் முதலில் போவது ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள். சொல் வரும், சொல்லின் விளிம்பு வராது.

வட்டமாக உட்காருவதைச் சமத்துவத்தின் அடையாளம் என்கிறோம் இல்லையா? எனக்கு வட்டம் என்றால் பாதிப் பேர் தவறான பக்கத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். பெஞ்சு போட்ட பழைய வகுப்பறையில் இடது சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் மொத்த அறையும் வலது பக்கம் வந்துவிடும். வட்டத்தில் அதற்கு வழியில்லை.

ஒரு கூட்டத்தில் மைக் இருந்தது. பேச எழுந்தவர் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “நமக்குள்ள மைக் எதுக்கு தோழர்? நான் சத்தமாவே பேசுறேன்” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மேடையை உடைத்த மாதிரி ஒரு செயல் அது. அவர் முதல் இரண்டு நிமிடம் சத்தமாகப் பேசினார். பிறகு விஷயம் மனதுக்கு நெருக்கமாக வந்ததும் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அந்த அறையிலேயே முக்கியமான வாக்கியங்களை அந்த இறங்கிய குரலில்தான் சொன்னார். எனக்கு எதிரே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

கை தூக்கி “மைக்ல பேசுங்க” என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 7, இரவு

எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒன்று சேர்க்க வேண்டும்.

2011 செப்டம்பரில் நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் பெரும் பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்த வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்கள் கூடியபோது, அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்க முடியாத நிலை. அதற்கு அவர்கள் கண்ட வழி மனித ஒலிபெருக்கி. பேசுபவர் நாலைந்து சொல் சொல்லி நிறுத்துவார். சுற்றியிருப்பவர்கள் அதே சொற்களைச் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். கூட்டம் பெரிதானால் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் இன்னொரு தடவை சொல்வார்கள்.

அந்த வீடியோக்களை முதலில் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரே வாக்கியம் எல்லாப் பக்கமிருந்தும் இரண்டு மூன்று முறை வருகிறது. ஒரு காதுக்காரனும் முழுசாகக் கேட்டுவிட முடிகிற பொதுக்கூட்டம் அது. எனக்காகச் செய்ததில்லை, சட்டத்தைச் சமாளிக்கச் செய்தது. இருந்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதை மொத்தக் கூட்டமும் தன் வேலையாக எடுத்துக்கொண்டதே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜூன் 12

“இதெல்லாம் சின்ன விஷயம், மனசுல போட்டுக்காதீங்க” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னது என்று தெரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கிப் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு கணினி விளையாட்டை ஆய்வுக் கருவியாக உருவாக்கினார். திரையில் மூன்று பேர் பந்தை எறிந்து பிடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நீங்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்ள ஆரம்பிக்கிறார்கள். அவ்வளவுதான். திட்டு இல்லை, பரிசு இல்லை, முகம்கூடத் தெரியாது. அந்தச் சில நிமிடங்களிலேயே மனம் சோர்ந்துபோகிறது. 2003இல் நவோமி ஐசன்பெர்கர், வில்லியம்ஸ் முதலானோர் இதே விளையாட்டை மூளை ஸ்கேனுக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஒதுக்கப்படும்போது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதியில் செயல்பாடு கூடியிருந்தது. அதை அப்படியே வலி என்று சொல்லலாமா என்ற விவாதம் பிறகு நடந்தது, அது வேறு விஷயம்.

என்னை அசைத்தது இதற்குப் பிறகு வந்த இரண்டு ஆய்வுகள். 2004இல், மற்ற இருவரும் மனிதர்களே இல்லை, வெறும் கணினி நிரல்தான் என்று சொல்லிவிட்டே விளையாட வைத்தார்கள். அப்போதும் வலித்தது. 2007இல், உங்களைச் சேர்க்காமல் விளையாடுவது அமெரிக்காவின் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் ஆதரவாளர்கள் என்று சொல்லி விளையாட வைத்தார்கள். நாமே வெறுக்கிற கூட்டம். அவர்கள் ஒதுக்கியபோதும் வலித்தது.

அப்படியென்றால், நாம் நேசிக்கிற கருத்துகளைப் பேசுகிற, நம் ஆட்கள் என்று நம்பிப் போன கூட்டம் பந்தைத் தராமல் விளையாடினால் எப்படி இருக்கும்? வெளியுலகம் ஒதுக்கினால் ‘அது அப்படித்தான்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அடைக்கலம் தேடிப் போன இடம் ஒதுக்கினால் போவதற்கு அடுத்த இடம் இல்லை. கேள்வி கேட்டவர் ‘அதிகமாக ஒதுக்குகிறார்கள்’ என்றாரே, அங்கே அதிகம் நடக்கிறது என்பதைவிட, அங்கே நடந்தால் அதிகம் வலிக்கிறது என்பது பொருத்தமாக இருக்கும்.

ஜூன் 13

“அப்போ கதவே இருக்கக்கூடாதா? யாரையும் தடுக்கவே கூடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. அவசரப்படாமல் எழுத வேண்டும்.

ஜூன் 20

கதவு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இதில் எனக்குப் பாடமாக இருப்பது 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு குழுவும் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்று தனித்தனியாக விதி வைத்திருந்தது. அந்தப் பட்டியல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, அத்தனையையும் அமல்படுத்தினால் ஒருவர்கூடச் சேர்ந்திருக்க முடியாது என்று கண்டார்களாம். அவர்களுடைய சொந்தப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. கடைசியில் ஒரே தகுதிதான் மிஞ்சியது: குடியை விட வேண்டும் என்ற விருப்பம். அதுவே அவர்களுடைய பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவது.

அதே அமைப்பில் இரண்டு வகைக் கூட்டம் உண்டு. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தோடு போராடுகிறவர்களுக்கு மட்டும். எது எது என்று அட்டவணையிலேயே போட்டிருக்கும். மூடிய கூட்டத்துக்கு வெளியே நிற்கும்போது எனக்கு அவமானமாக இருக்காது. ஏன் வெளியே நிற்கிறேன் என்று தெரியும், எந்த நாளில் உள்ளே போகலாம் என்றும் தெரியும். அடிபட்டவர்கள் தங்களுக்குள் பேச ஒரு தனி அறை கேட்பதை ஒதுக்கல் என்று நான் சொல்ல மாட்டேன்.

‘எல்லாரும் வரலாம்’ என்று வெளியே எழுதிவிட்டு, உள்ளே நெற்றிச் சுருக்கத்தாலும் பழைய கதைகளாலும் கதவு போடுவதைத்தான் சொல்கிறேன். அந்தக் கதவில் மோதிய பிறகுதான் அது இருப்பதே தெரியும்.

ஜூன் 21

நேற்றையதை மறுபடி படித்தேன். ‘அடிபட்டவர்கள்’ என்று எளிதாக எழுதிவிட்டேன். யார் அடிபட்டவர் என்று தீர்மானிப்பதிலேயே கதவு வந்து நிற்கிறது.

1973 ஜூன் 24, நியூயார்க், வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. தன்பாலீர்ப்பாளர் விடுதலைப் பேரணியின் மேடை. சில்வியா ரிவேரா பேச ஏறுகிறார். வீடில்லாத திருநர் இளைஞர்களுக்காக மார்ஷா ஜான்சனோடு சேர்ந்து 1970இல் அமைப்பு தொடங்கியவர். சிறையில் கிடக்கிற நம்மவர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள், நீங்கள் அவர்களுக்காக எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வந்தவர். அந்தக் கூட்டமே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. போலீஸ் இல்லை, எதிரிகள் இல்லை. அவரோடு ஊர்வலம் வந்தவர்கள். அவர் கூச்சலுக்கு மேலே கத்திப் பேசி முடித்தார். பிறகு பல வருடங்கள் அந்த இயக்கத்திலிருந்து விலகியே இருந்தார்.

அந்தப் பதிவு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. அவர் குரல் உடைகிற இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுகிறேன்.

ஜூலை 2

இப்போது என் தவறு.

இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் வட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். மூன்று வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் ஒரு பேர் அடிபட்டபோது, “அது யாரு அக்கா?” என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். அவர் என் வலது பக்கம் இருந்தார், அதனால் எனக்குக் கேட்டுவிட்டது. நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “அட, அவரைத் தெரியாதா? அவரைப் படிக்காம எப்படி இங்க வந்தீங்க?” என்றேன்.

உற்சாகத்தில் சொன்னேன். அவருக்கு அதை அறிமுகப்படுத்தப்போகிற சந்தோஷம் எனக்கு. ஆனால் அவர் முகம் அனிச்சம் மாதிரி வாடியதைக் கண்ணால் பார்த்தேன். மடியில் இருந்த நோட்டை மூடினார். பேனா மூடியைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாளர் கூடம் 2011இல் ஆரம்பித்தது. அங்கே பழகுவதற்கு நாலு சின்ன விதிகள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, பொய்யாக ஆச்சரியப்படக் கூடாது. ‘அது தெரியாதா உனக்கு?’ என்று கேட்பதால் கேட்டவருக்கு எதுவும் கிடைப்பதில்லை, கேட்கப்பட்டவர் மட்டும் சிறுத்துப்போகிறார். அவர்கள் இதைப் பெரிய குற்றமாக வைக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. யாராவது மீறினால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார், இவர் மன்னிப்புக் கேட்பார், வேலை தொடரும். எல்லாரும் எப்போதாவது மீறுவார்கள் என்று எதிர்பார்த்தே எழுதிய விதி.

எங்கள் வட்டத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் யாராவது அன்றைக்கே என்னை நிறுத்தியிருப்பார்கள்.

ஜூலை 3

‘தோழர்’ என்ற சொல்லைப் பற்றி நேற்றே எழுத நினைத்தேன். முதல் தடவை யாரோ என்னை அப்படிக் கூப்பிட்டபோது நெஞ்சு நிறைந்தது. வயது பார்க்கவில்லை, படிப்பு பார்க்கவில்லை, ஒரே சொல்லில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், அவர்களுக்குள் ‘டா’, ‘மச்சான்’, ‘அக்கா’ என்று பேசிக்கொண்டார்கள். என்னோடு மட்டும் ‘தோழர்’. அந்தச் சொல்லே வரவேற்பறையாகிவிட்டது. உள் அறை வேறு எங்கேயோ இருந்தது.

ஒரு நாள் ஒருவர் என்னை “அண்ணே, அந்தக் கதவைச் சாத்துங்க” என்றார். எழுந்து சாத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கதவையும் சாத்தியதில்லை.

ஜூலை 19

பண்ணையில் இருந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சேர்த்துக்கொள்வார்களா இல்லையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. “இயல்பா அமையும்” என்றார்கள். அமையவில்லை. கிளம்புகிற அன்று யாரும் ஆச்சரியப்படவும் இல்லை.

இதற்கு நேர் எதிர், 1967இலிருந்து வர்ஜீனியாவில் நடக்கிற ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டு வாழ்க்கை இடம். அங்கேயும் மூன்று வாரம்தான். ஆனால் அது பேர் வைத்த மூன்று வாரம், விருந்தினர் காலம். என்ன வேலை செய்ய வேண்டும், எப்போது பேட்டி, போன பிறகு அங்கிருப்பவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள், எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அலுவலக நடைமுறை மாதிரி வறட்சியாகத் தெரியும். இருபது நாள் எல்லாருடைய முகத்தையும் படித்துப் படித்துக் களைத்துப்போனவனுக்கு அந்த வறட்சி நிழல் மாதிரி. மறுக்கப்பட்டாலும் எதற்கு மறுக்கப்பட்டோம் என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

ஜூன் 4 குறிப்பில் நான் ஒன்றைத் தவறாக எழுதிவிட்டேன். யாராவது எழுந்து வந்து பேச வேண்டும் என்பதுதான் வரவேற்பு என்ற தொனி அதில் இருக்கிறது. ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என்னிடம் நாலு பேர் வந்து பேசினார்கள். அதனால்தான் நான் திரும்பப் போகவில்லை.”

அதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய ஆட்ரீட் என்ற முகாம் 1996இல் தொடங்கியது. அங்கே உருவானது நிற அட்டை முறை. சட்டையில் அட்டை குத்திக்கொள்வார்கள். சிவப்பு என்றால் இப்போது யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச ஆசை, ஆனால் நானாக ஆரம்பிக்கக் கஷ்டப்படுகிறேன், நீங்கள் வாருங்கள்.

பச்சை அட்டையை நினைத்துப் பாருங்கள். என் வாழ்க்கையில் எத்தனை கூட்டங்களில் நான் ஒரு பச்சை அட்டையாக மூலையில் நின்றிருக்கிறேன், அது யார் கண்ணிலும் படாமல். அதே அறையில் சிவப்பு அட்டைக்காரர்களை நான் எத்தனை தடவை போய்ப் பேசியே துரத்தியிருப்பேன். அந்த வாசகருக்கு என் நன்றி. ஜூன் 4இல் எழுதியதை அழிக்கவில்லை, இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆகஸ்ட் 12

இல்லை, அட்டை எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. பத்துப் பேர் கூடுகிற அறையில் சிவப்பு அட்டையோடு ஒருவர் உட்கார்ந்தால் எல்லாருடைய கண்ணும் அட்டையில்தான் இருக்கும். சிறிய இடத்தில் ஒருவர் வாசலிலேயே “பேசலாமா, கொஞ்ச நேரம் சும்மா இருக்கணுமா?” என்று கேட்டுவிடலாம்.

செப்டம்பர் 8

எங்கள் வட்டத்தில் இதுவரை மாற்றியதைக் கேட்டிருந்தீர்கள்.

வாசலில் நிற்பது இப்போது ஒருவருடைய பொறுப்பு, மாதா மாதம் ஆள் மாறும். ஃப்ரீமன் அந்தக் கட்டுரையிலேயே பொறுப்பைச் சுற்றிவிடுங்கள் என்கிறார், ஒரே ஆளிடம் தங்கினால் அதுவே அதிகாரமாகிவிடும். என் மாதம் ஆகஸ்ட். கஷ்டமான வேலை. பழைய நண்பர்கள் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும்போது வெளியே நிற்பது இத்தனை தனிமையாக இருக்கும் என்று தெரியவில்லை.

நின்றுகொண்டு பேசும்போது வட்டத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விடுகிறோம். எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருளாளர் இதற்குப் பேக்மேன் விதி என்று பேர் வைத்தார், அந்த விளையாட்டில் வருகிற மஞ்சள் வட்டத்தின் திறந்த வாய் மாதிரி. ஒருவர் வந்து அந்த இடத்தில் சேர்ந்துகொண்டால் மற்றவர்கள் நகர்ந்து அடுத்த இடைவெளியைத் திறக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒருவரைச் சேர்த்துக்கொண்டதும் வேலை முடிந்துவிட்டது என்று வட்டத்தை இறுக்கிவிடுகிறார்கள்.

மைக் கட்டாயம். ‘எனக்கு வேண்டாம்’ என்று பேசுபவர் முடிவெடுக்க முடியாது, கேட்பவருக்கு வேண்டும் என்பதால். முதல் வாரம் ஒருவர் கோபித்துக்கொண்டார், மைக் பிடித்தால் அரசியல் கூட்டம் மாதிரி இருக்கிறது என்று. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் காதைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது வருடப் பழக்கம், அவருக்கு அதுவரை தெரியாது. நான் சொன்னதே இல்லை. அவர் என் இடது பக்கமிருந்து எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, “இத்தனை வருஷம் நான் சொன்னதுக்கெல்லாம் சிரிச்சியே, அது?” என்றார். பாதிக்கு மேல் கேட்காமல் சிரித்தது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கையை என் தோளில் வைத்தவர் கூட்டம் முடியும்வரை எடுக்கவில்லை.

அக்டோபர் 15

ஜூலை 2இல் எழுதினேனே, நோட்டை மூடிக்கொண்டு போனவர். அவர் எண் பழைய வருகைத் தாளில் இருந்தது. மூன்று மாதமாகக் கூப்பிடவா வேண்டாமா என்று கிடந்தேன். கூப்பிட்டால் என் குற்றவுணர்வை அவர் தலையில் இறக்குவதாகிவிடுமோ என்ற பயம். கடைசியில் ஒரு செய்தி அனுப்பினேன், பேச விருப்பமில்லை என்றால் பதில் வேண்டாம் என்று. அவரே கூப்பிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு அண்ணா. சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் வராம நின்னது அதுக்காக இல்ல.” பிறகு காரணத்தைச் சொன்னார். கூட்டம் ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடியும். அவருடைய கடைசிப் பேருந்து ஒன்பதே காலுக்கு. மூன்று வாரம் நடுவிலேயே எழுந்து போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர், “என்ன தோழர், அதுக்குள்ளயா?” என்று கேட்டிருக்கிறார். நாலாவது வாரம் கடைசிவரை இருந்தார். அன்று நடந்தே வீடு போய்ச் சேர மணி பதினொன்றாகிவிட்டது, வீட்டில் பெரிய சண்டை.

அவர் நோட்டை மூடியது கிளம்புகிற நேரம் தாண்டிவிட்டதைப் பார்த்துவிட்டு.

இரண்டு வருடம் நான் ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அந்த வாக்கியம் தவறுதான், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் போன கதையில் நடுநாயகமாக என்னையே வைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தை நானும் பார்க்கவில்லை, இருபது பேரில் யாரும் பார்க்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து இங்கே முகம், சொல், இருக்கை, மைக் என்று எழுதிக்கொண்டே வந்தேன். நேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எனக்குச் சொந்த வண்டி இருக்கிறது.

அக்டோபர் 16

“அவரிடமே யாராவது கேட்டிருக்கலாமே” என்று எழுதியவருக்கு: ஆமாம்.

நவம்பர் 3

கூட்ட நேரத்தை மாற்றலாமா என்று வட்டத்தில் பேசினோம். சுலபமாக இல்லை. மாலை நாலு மணி என்றால் இன்னும் மூன்று பேர் வர முடியாது, வேலை. அவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: “வராத ஒருத்தருக்காக வர்ற மூணு பேரை வெளிய அனுப்புறீங்களா?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ண முடியாது என்றேன். அதிலும் நியாயம் இருந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதில் பாதி நேரம் மைக்கை எடுக்க மறந்துபோய், நான் இரண்டு தடவை கை தூக்கினேன்.

இப்போதைக்கு முடிவு: ஒரு வாரம் சனிக்கிழமை ஏழு மணி, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. ஏழு மணிக் கூட்டம், பேச்சு எந்த இடத்தில் இருந்தாலும், ஒன்பதுக்கு நின்றுவிடும், நடுவில் எழுந்து போகிறவரை யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம். அறிவிப்புத் தாளில் பேருந்து நேரத்தையும் போட்டாயிற்று.

அவருக்குச் சொன்னேன். “பார்க்கிறேன் அண்ணா” என்றார். இந்த ஞாயிறு வரவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இந்த மாதத்தில் இருக்கிறது.

முதல் கேள்வி கேட்டவருக்கு ஒன்று. நீங்கள் போன அந்த இடத்துக்கு மறுபடி போகத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போனால், கூட்டம் தொடங்கும் முன் ஒரே ஒருவரிடம் உங்கள் பேரைச் சொல்லி, “நான் புதுசு, இங்க எப்படி நடக்கும்னு கொஞ்சம் சொல்றீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன செய்தார் என்று இங்கே வந்து எழுதுங்கள். இந்த மாதம் எங்கள் வாசலில் நிற்பது அன்றைக்கு மைக் வேண்டாம் என்று கோபித்துக்கொண்டவர். அவருக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும்.